பெரிய கோயிலின் பக்கவாசலில் என் தாய்மாமா

என் தாய்மாமாவை நினைக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பூட்டுதான் கண்ணில் வந்து நிற்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் மதிலோரம், பூங்காவை ஒட்டிய பக்கத்தில், துருவேறிய கம்பிக் கதவு ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டு. அதற்கு எதிரே, தலைக்கு நேரே நின்ற வெயிலில், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் மூடியே திறக்காத பேனா, தோளில் துண்டு சகிதமாக மாமா நிற்கிறார். முதுகில் வேர்வை ஒரு பெரிய இலைபோலப் படர்ந்திருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் வருடமாக நிற்கிற கல், தன் ஒருவனுக்காகக் கண் விழித்துக் காத்திருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கோயில் இவ்வளவு சின்ன மனிதரைப் பொருட்படுத்தும் என்று நம்புவதற்குத் தனியாக ஒரு மண்டை வேண்டும். மாமாவுக்கு அது வாய்த்திருந்தது.

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறி விளையும் கரிசலில் எங்கள் ஊர். அந்த ஊருக்கு அவர் ஊராட்சித் தலைவர். தண்ணீர் ஏறாத மேல்நிலைத் தொட்டி ஒன்றைக் கட்டி, பஸ்ஸில் போகிறவனும் படிக்கிற அளவில் தன் பெயரை அதில் எழுதி வைத்தார். குடம் தூக்கிக்கொண்டு வயல் கிணற்றுக்குப் போகிற பெண்கள் அந்தப் பெயரின் நிழலில் நின்று இளைப்பாறிவிட்டுப் போவார்கள்; தொட்டியால் ஊருக்குக் கிடைத்த நன்மை அந்த நிழல் ஒன்றுதான். நடக்கும்போது அவருக்கு ஓரடி பின்னால் வார்டு மெம்பர் ஒருவர் வருவார். மாமா தும்மினால் மெம்பர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அப்படி ஒரு ஜோடி.

அத்தை, அவருடைய மனைவி, கல்வராயன் மலை அடிவாரத்தில் பிறந்தவர். வாசலைத் திறந்தால் மலை, மூடினாலும் மலை என்று வளர்ந்தவருக்கு எங்கள் சமவெளி ஊர் தட்டில் கொட்டிய மாவுபோல ஒரே மட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். உரக்கடை காலண்டர் ஒன்றில் பெரிய கோயில் படம் வந்தது. வருடம் முடிந்தும் அத்தை அதைக் கழற்றவில்லை. “மலைய சாமி வச்சுது. இத மனுசன் வச்சிருக்கான் பாரு. எதிர்த்தாப்ல நின்னு ஒரு தரம் அண்ணாந்து பாத்துட்டா போதும்” என்பார். கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, மெத்தை வீடு கேட்கவில்லை. மாமாவின் பதில் எப்போதும் ஒன்றே: “கோயிலு எங்க ஓடியா போவுது?” கோயில் ஓடவில்லை. அத்தையின் கண்தான் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை கண்ணுக்கு ஏறி, இடது கண் முழுதாக அணைந்துவிட்டது. வலது கண்ணில் பார்வை, அங்கங்கே கிழிந்த துணி வழியாகப் பார்ப்பதுபோல மிஞ்சியிருந்தது. அதுவும் அதிக நாள் தாங்காது என்று கள்ளக்குறிச்சியில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அந்த மனிதர் சொன்ன விதத்தில்கூட ஒரு மரியாதை இருந்தது.

மாமா சம்மதித்தது அந்தக் கண்ணுக்காக அல்ல. ஊராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொண்டாட்டி ஆசையை நிறைவேற்றுகிற புருஷன் என்கிற பேச்சு பெண்கள் ஓட்டுக்கு ஆகும் என்று யாரோ ஓதியிருந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் தஞ்சாவூர்ப் பயணத்தை அறிவித்துவிட்டு, ஒரு வாடகை அம்பாசிடர் பிடித்தார். மாமா, அத்தை, மெம்பர், டிரைவர், பிறகு நான். கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் கையைப் பிடித்து நடத்திச் செல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. புருஷன் கை சும்மாதான் இருந்தது; ஆனால் பொது இடத்தில் பொண்டாட்டி கையைப் பிடித்தால் தலைவருக்குக் கௌரவம் கம்மியாகிவிடுமாம்.

விடிகாலையில் கிளம்பியும் வழியெல்லாம் வண்டி நின்று நின்றுதான் போனது. தொழுதூரில் தெரிந்தவர், பெரம்பலூரில் கட்சிக்காரர், யாரும் தெரியாத இடத்தில் புதிதாக ஒருவரைத் தெரிந்துகொள்வதற்கு. அரியலூரில் ஒரு டீக்கடை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், அவர் கேட்காமலே, “நான் பிரசிடெண்டுங்க” என்றார் மாமா. அவருக்கு நேர்கிற பாதி விபத்துகள் இப்படித்தான் தொடங்கும்.

பெரியவர் பேப்பரை மடித்தார். “பெரிய கோயிலுக்கா போறீங்க? பாத்துங்க. பதவில இருக்கறவங்க முன்வாசல்ல நொழஞ்சா பதவி போயிடும்னு சொல்லுவாங்க. எத்தினி பெரிய தலைங்க வந்தாலும் பக்கவாசல்லதான் போவாங்க.”

மாமாவின் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது. டிரைவர் மட்டும் சிரித்துவிட்டான். “அது மந்திரிங்களுக்கு சார். நம்ம லெவலுக்கு இன்னா ஆவப்போவுது?”

“பதவில இன்னாடா பெருசு சின்னது? நாக்காலின்னா நாக்காலிதான்” என்றார் மாமா. “ஆமாமா, நாலு காலும் ஒண்ணுதான்” என்றார் மெம்பர்.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது மணல் வெள்ளி மாதிரி மின்னியது. வயல்கள் பச்சை பச்சையாக வந்து கண்ணாடியில் மோதின. அத்தை முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “வந்துடுச்சா பாப்பா? தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீடுகளுக்கும் ஒயர்களுக்கும் மேலே கோயிலின் விமானம் முதலில் தலை காட்டியது. ஊரே தரையில் உட்கார்ந்திருக்க, அது ஒன்று மட்டும் எழுந்து நின்றதுபோல இருந்தது.

“முன்னாடி நிறுத்தாத. சுத்திக்கினு போ” என்றார் மாமா டிரைவரிடம்.

சுற்றினோம். அகழியைச் சுற்றி, பூங்காவைச் சுற்றி, கேட்டவர்களிடம் எல்லாம் கேட்டு, கடைசியில்தான் அந்தக் கம்பிக் கதவு. பூட்டு. காவலாளி ஒருவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறக்கச் சொல்லி மாமா துண்டை உதறிக்கொண்டு கேட்டார். எந்த ஊர் தலைவர் என்று காவலாளி விசாரித்தார். மாமா சொன்னார். காவலாளி அந்தப் பெயரைத் தன் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “ஆர்டர் வந்தாத்தான் சார் திறப்போம். எல்லா ஜனமும் முன்னாடிதான போவுது, நீங்களும் போங்க” என்றார். எல்லா ஜனமும் என்ற சொல் மாமாவைக் கதவைவிட அதிகமாகக் கோபப்படுத்தியது. சத்தம் போட்டார். தனக்கு யார் யாரைத் தெரியும் என்று ஒப்பித்தார். போன் போட வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டதும் துண்டை மறுபடி உதறினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. உச்சிப் பூஜை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள்.

அத்தை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கார்க் கதவின் கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிந்தது மதில் மட்டும்; அதுவும் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“இன்னாங்க, நாங்க ரெண்டு பேரும் முன்னாடி போய்ட்டு வந்துடறோம்.”

“இவ போலாம், நீ போவக்கூடாது” என்று என்னைக் காட்டினார் மாமா. “புருசன்ல பாதி பொண்டாட்டி. நீ போனா நான் போன மாதிரிதான்.”

“அப்ப நான் பாத்தா நீங்க பாத்த மாதிரி ஆயிடும் இல்ல? நல்லதுதான?”

“வாய் ஜாஸ்தி ஆயிடுச்சு ஒனக்கு. எலெக்‌ஷன் முடியட்டும், அடுத்த வருசம் இட்டுக்கினு வரேன்.”

அத்தை அவர் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். கோபம் இல்லை. ஒரு புழுவைக் கீரையிலிருந்து எடுத்து வெளியே போடும்போது இருக்குமே, அந்த நிதானம். “அடுத்த வருசம் எனக்குக் கண்ணு இருக்குதான்னு டாக்டரக் கேட்டியா நீ? எனக்கு இன்னா பதவி இருக்குது, போறதுக்கு?” என்றார். அவரை ‘நீ’ என்று அத்தை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு மதிலோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் மெம்பர் ஓடி வந்தார். “அண்ணி, அண்ணி, தலைவர் கூப்புடறாரு. வூட்டு மானம் போயிடும் அண்ணி.” அத்தை முன்வாசல் வரைக்கும் அவரைப் பேசவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, “இதப் பத்தரமா வச்சிக்கினு இரு மெம்பரே” என்றார். எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பழகிய கை வாங்கிக்கொண்டது. நாங்கள் திரும்பி வரும்வரை தன் தலைவரின் மனைவியின் செருப்பை மார்போடு அணைத்தபடி அந்த மனிதர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

முதல் கோபுரம், இரண்டாவது கோபுரம். உள்ளே போனதும் நந்தி, நந்திக்குப் பின்னால் விமானம், அதற்குப் பின்னால் வெறும் வானம். கல் பாதத்தைச் சுட்டது. வர்ணித்துக் காட்ட வேண்டும் என்று நான் வழியெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அத்தை என் கையை அழுத்தினார். “சொல்லாத. நானே பாக்கறேன்.” வானத்தில் பருந்து வந்தால் கோழி பார்க்குமே, அப்படித் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மிச்சமிருந்த பார்வையைக் கல்லின் மேல் ஒவ்வொரு துண்டாக வைத்து வைத்து எடுத்தார். அடியிலிருந்து நுனிக்கு, நுனியிலிருந்து அடிக்கு. கழுத்து வலித்தால் கீழே குனிந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும். நடை சாத்திவிட்டார்கள் அத்தை என்றேன். “சாத்தட்டும். சாமிய எங்கூர்லகூடக் கும்புட்டுக்கலாம்” என்றார். வெகுநேரம் கழித்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: “எங்கூரு மலை சும்மா படுத்துக்கினு இருக்குது. இது நின்னுக்கினு இருக்குது.”

மாமா உள்ளே வரவே இல்லை.

தேர்தலில் தோற்றார். ஏன் தோற்றார் என்று வறண்ட தொட்டிக்குத் தெரியும், குடத்துக்குத் தெரியும், எரியாத தெருவிளக்குக்குத் தெரியும். மாமாவுக்கு மட்டும் வேறு காரணம் தெரிந்தது. “இவ அந்த வாசல்ல நொழஞ்சா, எம் பதவி போச்சு.” கல்யாண வீட்டில் சொன்னார், சாவு வீட்டில் சொன்னார், மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக் கடைக்காரரிடம் சொன்னார். மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். பழி மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. ஊர்ப் பெண்களுக்கு இது நல்ல சிரிப்பு. அடுத்து வந்த தலைவரும் அதே ரகமாக இருக்கவே, கிணற்றடியில் அத்தையைப் பார்த்துக் கேட்பார்கள்: “யக்கா, இன்னொரு தரம் தஞ்சாவூரு போய்ட்டு வாயேன்.” அதற்குள் அத்தைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. சிரிப்பு போகவில்லை.

போன தேர்தலுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். மாமா சவரம் செய்து, அந்தப் பழைய வெள்ளையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை. மனைவியை நிறுத்துவது, ஜெயிப்பது, நாற்காலியில் தான் உட்காருவது: எல்லாம் முடிவாகியிருந்தது. பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஆண்டுகொண்டிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அத்தையிடம் அவர் அவ்வளவு குழைந்து பேசி நான் பார்த்ததில்லை.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். கையெழுத்துதான். எங்க போடணும்னு நான் கையப் புடிச்சுக் காட்டறேன்.”

அத்தை காம்பைக் கிள்ளி முடித்தார். வெற்றிலையைத் தொடையில் துடைத்தார். அவசரமே இல்லை.

“நான் அந்த வாசல்ல நொழஞ்சவளாச்சே” என்றார். “எனக்குப் பதவி தங்குமா?”

மாமாவின் வாய் திறந்தது. அதெல்லாம் சும்மா, கல்லுக்கு இன்னா தெரியும் என்று சொன்னால் போதும், அத்தைக்கு மறுக்க வேறு சாக்கு இல்லை. அந்த ஒரு வாக்கியம் அவர் தொண்டைவரை வந்து நின்றதை நான் பார்த்தேன். அதைச் சொன்னால், இத்தனை வருடமாகத் தோற்றது யார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வெளியே போய் நின்றார்.

“போய்ட்டாரா பாப்பா?” என்று கேட்டார் அத்தை.

“வாசல்லதான் நிக்கறாரு அத்த.”

“நிக்கட்டும்” என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.