ரீசெட் பட்டனும் ஒரு லெப்பாஸும்

பங்சாரில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் சொந்தத் தொழில் தொடங்கியிருந்தேன். மீன் லோரியின் குளிர்பெட்டிக்குள் சூடு ஏறினால் ஓட்டுநரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவி. முதல் வாடிக்கையாளர் அன்று மாலை வருவதாக இருந்தது. அது சரிப்படவில்லை என்றால் பழைய ஆபீசுக்கே திரும்பிவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அதுதான் விருப்பம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

காலையில், பேட்டரி மிச்சமாகட்டும் என்று, கரண்ட் வந்த உடனே சிப் தூங்கிவிடுகிற மாதிரி புரோகிராமை மாற்றி ஏற்றினேன். தூங்கியது எழவே இல்லை. அதைத் திருத்த டீபக்கர் வேண்டும். தீப்பெட்டி அளவு டப்பா அது. ஒரு பக்கம் லேப்டாப், மறுபக்கம் தட்டைக் கேபிள் வழியாக போர்டு. சிப்பின் வயிற்றுக்குள் போக அது ஒன்றுதான் வழி. கேபிளின் சிவப்பு ஓரம் சரியான பின்னில்தான் இருந்தது. போர்டுக்குக் கரண்டும் இருந்தது. திரையில் மட்டும் சிப்பையே காணோம் என்று வந்தது. கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன், அதே பதில். என்னிடம் இருந்ததோ அந்த ஒரே போர்டு. டப்பாவைக் கண்டபடி திட்டினேன். அதற்கென்ன, காதா இருக்கிறது.

கணவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்ப்பவர். இந்தச் சிப் விவகாரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. போன் போட்டேன். லோரி இரைச்சலுக்கு நடுவே சொன்னார்:

“ரீசெட் பட்டன அமுக்கிப் பிடி, லெப்பாஸ் கனெக்ட் கொடு.”

அமுக்கினேன், விரலை எடுத்தேன், கனெக்ட் கொடுத்தேன். காணோம். இன்னும் வேகமாகச் செய்து பார்த்தேன். விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம். அழுகை வந்துவிட்டது. மறுபடி அவரை அழைத்து, என்னால் முடியாது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு பங்சாருக்கே போகிறேன் என்று பொரிந்து தள்ளினேன். நான் ஓய்ந்த பிறகு, என்னென்ன செய்தாய் என்று அவர் நிதானமாகக் கேட்டார். அமுக்கினேன், லெப்பாஸ் என்றீர்களே, விட்டுவிட்டேன் என்றேன்.

மலாயில் லெப்பாஸ் என்றால் ‘அப்புறம்’. ‘விடு’ என்றாலும் லெப்பாஸ்தான். நாங்கள் நாள் முழுக்க இரண்டு அர்த்தத்திலும் புழங்குகிறவர்கள். அவர் ‘அப்புறம்’ என்று சொல்லியிருக்கிறார், நான் விட்டிருக்கிறேன். ரீசெட்டை அமுக்கி வைத்திருக்கும் வரைதான் சிப் என் புரோகிராமைத் தொடாது, டீபக்கர் அதைப் பிடிக்க முடியும். விரலை எடுத்ததும் அது மறுபடி படுத்துவிடும்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பட்டனை விடாமல் கனெக்ட் கொடுத்தேன். திரையில் சிப்பின் பெயர் வந்தது. கிடைத்துவிட்டது என்றேன்.

“நான் எப்ப விடச் சொன்னேன்?” என்றார் அவர். “பிடிச்சுக்கிட்டே இருன்னுதானே சொன்னேன்.”

பட்டனையா, தொழிலையா என்று கேட்டேன்.

“ரெண்டையும்தான்லா.”