ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டர்

போன வாரம் போடியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக் கிளார்க் போன் செய்தார். "சார், பெட்டி ரெண்டு வந்திருக்கு. ஒண்ணுல ‘ஏ’, ஒண்ணுல ‘பி’ன்னு ஒட்டியிருக்கு. இதுல எது நல்லது?" என்றார். நான் சிரித்துவிட்டேன். மனிதருக்குக் கோபம். இரண்டுமே நல்லதுதான், இரண்டுமே வேண்டும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். நான் சிரித்தது அவரைப் பார்த்து இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மீடியா கன்வெர்ட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப் பெட்டி. ஒரு பக்கம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகுகிற செம்புக் கம்பி வயர், மறுபக்கம் முடி மாதிரிக் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். கம்பியில் வருகிற மின்சாரத்தை ஒளியாக்கி அனுப்பும். இழையின் அந்தக் கடைசியில் இருக்கிற இன்னொரு பெட்டி, ஒளியை மறுபடி மின்சாரமாக்கிக் கொடுக்கும். ஏன் இந்தச் சுற்று வேலை என்று கேட்பீர்கள். செம்புக் கம்பி நூறு மீட்டருக்கு மேல் தாங்காது. அதோடு எங்கள் பக்கத்து இடி வேறு. ஐப்பசியில் மலைப் பக்கமிருந்து ஒரு வெட்டு வெட்டினால், தோட்டத்தில் இழுத்த கம்பி வழியாக வந்து வீட்டிலிருக்கிற மோடம் முதல் டி.வி. வரை காலி. தொழிலுக்கு வந்த முதல் வருடம் முழுக்க என் சட்டையில் கருகின பிளாஸ்டிக் வாசனைதான். குளித்தால்தான் சோறு என்பார்கள் வீட்டில். கண்ணாடி இழைக்கு அந்தப் பயம் இல்லை.

வாசனை என்றதும் மயில்துத்தம் ஞாபகத்துக்கு வருகிறது. கம்பம் பக்கம் திராட்சைக்கு மருந்தாக அடிப்பார்கள், இலையெல்லாம் நீலம் படிந்திருக்கும். அந்த வாசனைக்குள் ஒரு சனிக்கிழமை முழுக்க ஃபைபர் இழுத்தேன். தோட்டம் தெய்வேந்திரன் ஐயாவுடையது. இணைய இணைப்பு ரோட்டோரம் இருந்த அவருடைய மோட்டார் ரூம் வரைக்கும்தான் வந்தது. வீடு அரைக் கிலோமீட்டர் உள்ளே. திராட்சைப் பந்தல் கல்தூண்களின் மேலேயே கேபிளைக் கட்டிக் கொண்டுபோனேன். "கொத்துல படாமப் பாத்துப் போ தம்பி" என்று பின்னாலேயே வந்தார் ஐயா.

அவசரம் மகள் சுகந்திக்கு. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சுகந்தி கேட்டதற்கு, திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங்கில் முகம் விட்டு விட்டு வராமல் தெரிந்தால் சரி, இல்லையென்றால் கிளம்பி வா என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மாடி ஏறினால்தான் செல்போனில் ஒரு கோடு சிக்னல் வரும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தாள். "லைட் எரிஞ்சா கேன்சல் பண்ணிருவேண்ணே" என்றாள். நானும் அதற்கென்ன, எரியாமல் எங்கே போகும் என்று வாய் விட்டுவிட்டு, உத்தமபாளையம் சிக்கந்தர் பாய் கடையில் வாங்கியிருந்த பெட்டி இரண்டையும் கடைப் பையோடு அவர்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை மோட்டார் ரூமில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாட்டினேன். பவர் லைட் எரிந்தது. செம்புக் கம்பி லைட்டும் எரிந்தது. ஃபைபர் லைட் மட்டும் கண்ணே திறக்கவில்லை. இழையில் சிவப்பு டார்ச் அடித்தேன், அந்தக் கடைசியில் பொட்டு மாதிரி சிவப்பு தெரிந்தது. இழையில் குற்றமில்லை. முனையைத் துடைத்தேன், மறுபடி வெட்டினேன், அடாப்டரை மாற்றினேன். பந்தலுக்குள் அரைக் கிலோமீட்டரை எத்தனை முறை ஓடினேனோ தெரியாது. பெட்டியை மட்டும் சந்தேகப்படவில்லை. இரண்டுக்கும் வேகம் ஒன்றா, ஒற்றை இழைக்கானதா என்று பார்த்துப் பார்த்து நானே வாங்கியதாயிற்றே. இந்தத் தலைக்கனத்துக்கு அரை நாள் போனது.

மதியம் வேறு வழியில்லாமல் வீட்டிலிருந்த பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ‘ஏ’. மோட்டார் ரூமுக்கு ஓடினேன். அங்கேயும் ‘ஏ’. ஒற்றை இழையில் ஏ பெட்டி பேசுகிற ஒளி வேறு, கேட்கிற ஒளி வேறு. பி பெட்டிக்கு அப்படியே எதிர். ‘ஏ’ பேசுவது ‘பி’க்குத்தான் கேட்கும். இரண்டும் ஏ என்றால் இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளிருக்காது.

பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். "நாந்தான் தம்பி மாத்திட்டு வந்தேன்" என்றார் ஐயா. "ஒண்ணுல ஒரு எழுத்து, இன்னொண்ணுல வேற எழுத்து. ஜோடி சேராததத் தலையில கட்டிட்டாகன்னு நெனச்சேன். நேத்துச் சாயங்காலமே உத்தமபாளையம் போனேன். கடையில பாயோட தம்பி இருந்தாக, மாத்திக் குடுத்தாக. நீ ஏமாந்துட்டன்னு தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னு சொல்லல."

அவர் ரேக்ளா பந்தயத்துக்கு மாடு வளர்த்தவர். உயரம், வயது, கொம்பின் வளைவு எல்லாம் ஒத்துப்போகிறவரை சந்தை சந்தையாக அலைந்து ஜோடி சேர்க்கிற மனிதர். ஜோடி என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் உள்ளே சுகந்தி பையில் துணி வைப்பதை அவர் பார்த்துவிட்டார். "அவ போயிட்டா அவ ஆத்தா எந்திரிக்க மாட்டா தம்பி" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

மாடி ஏறி, கடைக்காரர் சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அவர் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். "இப்பத்தான் பந்தியில உக்காந்தேன். ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு வாரேன், நீ கடைகிட்ட நில்லு" என்றார். கல்யாணச் சட்டையோடு, அத்தர் மணக்க வந்து ஷட்டரைத் தூக்கினார். ஐயா திருப்பிக் கொடுத்த பி பெட்டி மேலேயே கிடந்தது. "எந்தம்பிக்கும் இது தெரியலையேப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் பச்சை லைட் எரிந்தது. சுகந்தி டிக்கெட்டைக் கேன்சல் செய்தாள். ஐயா பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எதுக்கு இது இப்படிச் சிமிட்டுது?" என்று கேட்டார். தகவல் போகுதுங்கய்யா என்றேன். "போகட்டும், போகட்டும்" என்றார். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

இப்போது அந்தத் தோட்டத்தில் பெட்டிகள் இல்லை. கம்பெனிக்காரர்களே வீடு வரைக்கும் ஃபைபர் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த அம்மாவும் இல்லை. ஆனால் மூன்றே மாதத்தில் எழுந்து நடந்தவர், அதன் பிறகு நான்கு வருடம் நன்றாக இருந்தார். மைக் திறந்திருக்கிறதா என்றெல்லாம் அவருக்குக் கவலை கிடையாது. மணி ஒன்றானால் அடுப்படியிலிருந்து, "ஆத்தா, சோறு ஆறுது" என்று மகளுக்குக் குரல் கொடுப்பார். பெங்களூரில் அத்தனை பேருக்கும் கேட்கும். போன தை மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து சுகந்தி மீட்டிங்கில் உட்கார்ந்த முதல் நாள், ஒரு மணிக்கு அந்த மேனேஜர் பேச்சைப் பாதியில் நிறுத்தினாராம். கன்னடக்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. "சுகந்தி, சோறு?" என்று கேட்டாராம். அவள் எழுந்து போய் அப்பாவுக்கும் தனக்கும் தட்டு எடுத்து வைத்தாளாம்.