மகள் கேட்ட பட்டன் போன்

போன வருடம் மகள் உயர்தர வகுப்பில் படிக்கத் தொடங்கியபோது, போன் வாங்கிக் கொடுக்க அவளை மாத்தளை டவுனுக்கு அழைத்துப் போனேன். எல்கடுவையிலிருந்து தனியாக பஸ் ஏறி டியூஷன் போகிறவள். சிறு வயதிலிருந்தே சீனி வருத்தம். தினமும் இன்சுலின் போட வேண்டும். கையில் ஒரு போன் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

கடையில் அவள் எடுத்தது, மூலையில் கிடந்த ஒரு பட்டன் போன்.

"தங்கச்சி, அது தாத்தாமாருக்கு விக்கிறது. டோர்ச் மட்டும் நல்லா எரியும்" என்று கடைக்காரர் சிரித்தார்.

"கை வேர்த்தா டச் போன் சரியா வேல செய்யாதுப்பா" என்றாள். என் சம்பளத்தை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று எண்ணினேன். ஒரு ஆசிரியரின் மகள் இதை வைத்திருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கமும் இருந்தது. "நீ சும்மா இரும்மா" என்று சொல்லி நல்ல டச் போனாக வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், ஐந்து மணிக்கு வர வேண்டியவள் ஆறாகியும் வரவில்லை. எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"பிள்ளையோட அப்பாவா? பயப்படாதீங்க. சீனி கொறஞ்சிருச்சு. இனிப்பா ப்ளேன்டி குடுத்தேன், இப்ப தெளிஞ்சி, உங்க நம்பர சொன்னா. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க."

பேசியது அங்கே பழம் விற்கும் முஸ்லிம் பெண். நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது, மகள் பழப்பெட்டி ஒன்றின் மேல் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே வருத்தம். வேர்வையப் பாத்ததுமே வெளங்கிருச்சு" என்றார் அந்தப் பெண். "போன எத்தன தரம் அமத்துனா தெரியுமா? வெரலெல்லாம் ஈரம், நடுக்கம். தொறக்கவே இல்ல. இந்தப் பிள்ளைக்கிப் போயி யாரு இத வாங்கிக் குடுத்தது?"

நான் அந்தப் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போனோம். மூன்று பட்டன் போன்களைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். சிம்மைப் போட்டு, இரண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும்படி செய்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து விரலை நனைத்து, அழுத்தினாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. கடைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை.

இன்றும் அவள் அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். ஆனால் எடுத்த பிறகு, அவள் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசுவதில்லை.