கடல் குடித்த கார்

நிந்தவூரில் ஒரு கார் விற்கக் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று மருமகன் கூப்பிட்டான். என் தங்கையின் மகன். கட்டாருக்குப் போகாமல் ஊரோடு இருந்து வாடகைக்கு ஹயர் ஓடப்போகிறானாம். நல்ல எண்ணம்தான். அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனேன்.

பழைய கார். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கார்க் கணக்கில் என்னோடு சேர்க்க வேண்டிய கிழடு, பார்க்க என்னைவிட இளமையாக இருந்தது. மருமகன் ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு காட்டுகிற ஒரு சின்ன மெஷினைச் சொருகிவிட்டுப் போனைப் பார்த்தான். எல்லாம் பச்சை காட்டுது மாமா என்றான். எனக்கு அந்தப் பச்சை விளங்காது. கதவைத் திறந்து, டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டின் மூலையைக் கிளப்பினேன். வாடை வந்தது. ஈரச் சாக்கைக் கட்டிவைத்து நாள் கழித்து அவிழ்த்தால் வருமே, அந்த வாடை. விரலால் அடித்தகட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. வெள்ளத் தண்ணீர் புகுந்திருக்கிறது, கடல் இல்லை.

விற்கிற பொடியன் சிரித்தான். காரை நக்கிப் பார்க்கிற ஆளை அவன் கண்டிருக்க மாட்டான். அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கதை அவ்வளவாக வராது. உங்களிடம் என்றால் சொல்லலாம்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு கொஞ்சக் காலம் எங்கள் கரையில் கார் வாங்குகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் பார்த்தார்கள். இன்னும் இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்க வேண்டும். வெளியே தெரிகிற துண்டைக் கழுவி வைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டு கிடக்கிற துண்டில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாவிட்டால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். நாம் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ இருக்கிறது. மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைவாகக் காட்டும், பிரேக் மிதிக்கிற ரப்பர் தேய்ந்து வழுக்கும். ரப்பரை நம்புங்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. மச்சான் கார் வாங்கிய நாளில் நாங்கள் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை.

மச்சான் என்றது தங்கையின் மாப்பிள்ளை அன்சாரை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அன்சார் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அதுவரை கூட்டாளி என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. அவரும் பேச்சுக் குறைந்தவர். இரண்டு பேரும் ஆள் ஏற்றுகிற ஒரே வானில் டிரைவராக, ஆளுக்கு ஒரு நாளாக அக்கரைப்பற்று ஓடினோம். வான் வேறொருவருடையது. கடல் வந்ததற்குப் பிறகு ஊரில் பாதிப் பொடியன்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். மச்சானையும் போகச் சொன்னார்கள். அவர் போக மாட்டேன் என்றார். ஒரு கார் எடுத்தால் ஊரிலேயே பிழைக்கலாம் என்றார். அப்போது மருமகன் மடியில் கிடக்கிற கைக்குழந்தை.

"புள்ள நடக்கிறத நான் பாக்கணும் மச்சான். மறுகா எங்க போகச் சொன்னாலும் போறன்."

கார் இறக்காமத்தில் ஒரு நெல் வியாபாரியிடம் இருந்தது. போனோம். தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்த பிறகு மச்சான் கேட்டார்: "ஐபு என்ன காக்கா?"

காக்கா என்றால் அண்ணன், ஐபு என்றால் குறை. விற்கிறவர் பொருளின் குறையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அது எங்கள் மார்க்கம் சொன்னது. சொல்லிவிட்டால் அதற்குமேல் பொனட்டைத் தூக்கிப் பார்ப்பது, கீழே குனிந்து பார்ப்பது எல்லாம் அவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி. அதனால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பதுதான் முறை.

வியாபாரி நேரான மனிதர். நினைத்து நினைத்துச் சொன்னார்.

"இடப்பக்கம் பின் கண்ணாடி ஏறாது. ரெண்டாம் கியர் கொஞ்சம் அடம்பிடிக்கும். மழை பெஞ்சா ஹோன் தானா அடிக்கும். அதுவும் ஐபுதான், சொல்லிப்போட்டன்."

எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. ஹோன் ஏன் தானாக அடிக்கிறது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை வேறு.

கார் ஓடியது. வெயில் காலம் முழுக்க நன்றாக ஓடியது. ஆஸ்பத்திரிக்கு, கலியாணத்துக்கு, சந்தைக்கு. மச்சான் வெள்ளைச் சட்டை போடத் தொடங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடக்கையில் தூறல் விழுந்தது. பள்ளி வாசலில் நின்ற கார் அலறத் தொடங்கியது. ஓடிப்போய் நிறுத்தவும் முடியாது. மச்சான் தலையைக் குனிந்தவர் நிமிரவில்லை. தொழுகை முடிந்து வெளியே வர, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மீன் முதலாளி கேட்டார், "அன்சார், உன்ட காரும் பாங்கு சொல்லப் பழகுதா?" ஊர் சிரித்தது. மச்சானும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பிறகு காணவில்லை.

மாரி தொடங்கியதும் கார் நின்றது. கராஜில் கார் திருத்துகிற பாஸ் கார்ப்பெட்டைக் கழற்றினார். கீழே கடல் மண். நொறுங்கிய சிப்பியும் கிடந்தது. வயர்கள் பச்சை பூத்துக் கைபட்டதும் உதிர்ந்தன. "இது கடல் குடிச்ச கார்" என்றார் பாஸ். யாரோ கழுவிப் பெயின்ட் அடித்து, கடலைக் காணாத ஊருக்குக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். இறக்காமத்து மனிதருக்கு யானை தெரியும், குளம் தெரியும். கடலின் வாடை அவருக்கு எப்படித் தெரியும்?

அவரிடம் போனோம். அந்த முறை யானை இறங்கி வயலை முடித்துவிட்டுப் போயிருந்தது. மனிதர் வரம்பில் குந்தியிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சத்தியம் பண்ண வாயெடுத்தார். மச்சான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். திரும்பி வரும் வழியில் மச்சான் பேசியது ஒன்றுதான்.

"அவருக்குத் தெரியா மச்சான். தெரிஞ்சா சொல்லியிருப்பார்."

பாஸ் வயர் மாற்றிக் கொடுத்தார். கோடையில் ஓடும், அப்போதே விற்றுவிடுங்கள் என்றார். கோடை வந்தது. கொடுத்துவிட்டு ஒரு முச்சக்கர வண்டியாவது எடுத்தால் மச்சான் ஊரில் நிற்கலாம். ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்கள் கார்க் கதவில் கை வைக்கு முன்பே மச்சான் சொல்லிவிடுவார், இது கடல் குடித்த கார் என்று.

எங்கள் கரையில் அந்தச் சொல்லைச் சொன்னால் அது வயரோடும் கறள் பிடித்த தகரத்தோடும் நிற்காது. காரைதீவிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். சொன்னதைக் கேட்டதும் காரின் கூரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். யாரை நினைத்தாரோ தெரியாது. தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார். பிறகு வந்தவர்களும் கொஞ்சம் முன்பின்னாக அப்படித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டாச் சொல்லுங்க மச்சான். கேக்காட்டி விடுங்க" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "கேட்டதுக்குச் சொன்னா அது பதில். கேக்கு முன்னச் சொன்னாத்தான் ஐபு சொன்னது" என்றார்.

அவர் சொன்னது சரி. சரியான பேச்சு ஒரு மனிதனை ஊரைவிட்டு அனுப்பும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

கட்டாரில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனார். போகும்போது மருமகன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பான், அவ்வளவுதான். நடந்த செய்தியைத் தங்கை போனில் சொன்னாள். இரண்டு முறை லீவில் வந்தார். மூன்றாவது முறை அவர் வரவில்லை. நெஞ்சு நோவாம். அங்கேயே அடக்கினார்கள். கார் வேலியோரம் நின்று இறுகிப்போய், பழைய இரும்பு எடுக்கிற லொறியில் ஏறியது. அந்த இடத்தில் தங்கை தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறாள்.

நிந்தவூரில் கார்ப்பெட்டை இருந்தபடி போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கேட்க நினைக்கவில்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஐபு என்ன தம்பி?"

பொடியன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "நீங்கதானே பாக்க வந்தீங்க காக்கா. பாருங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு இதுதான் யாவாரம். வேண்டாம் என்று மருமகனுக்குத் தலையாட்டிவிட்டு வந்து ஏறினேன்.

சாய்ந்தமருது தாண்டும் வரை மருமகன் பள்ளம் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை விட்டான். மெஷின் பச்சை காட்டிய காரை விட்டுவிட்டு வந்த கவலை. பிறகு, அவனுக்கும் தகப்பன் நினைவு வந்திருக்க வேண்டும், தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"மாமா, வாப்பா கார் பாக்கப் போனா முதல்ல என்னத்தப் பாப்பார்?"

"பாக்க மாட்டார்," என்றேன். "கேப்பார்."

"ஆரிட்டக் கேப்பார்?"

"விக்கிறவருட்டத்தான்."

மருமகன் சிரித்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.