கருவாட்டு வளவில் கத்தரி

வாப்பா மௌத்தான பிறகு வீட்டுப் பின்வளவு என் பங்குக்கு வந்தது. அவர் அங்கேதான் காலமெல்லாம் கருவாடு போட்டார். மீனைக் கீறி உப்பில் ஊறவைத்து, கழுவிய தண்ணீரை அந்த மண்ணிலேயே ஊற்றுவார். புல்கூட முளைக்காத இடம். மழை விட்டு வெயில் எறித்தால் மேலே உப்புப் பூத்துக் கிடக்கும்.

அந்த நேரத்தில்தான் என் கணவர் லொறி ஓட்டுவதை விட்டார். முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது, இனிக் குனியவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடையில் மரக்கறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பிய ஒரு நாள், பின்வளவில் தோட்டம் போடுவோம் என்றேன்.

கேள்விப்பட்டு நானா வந்தார். எனக்கு மூத்தவர், சின்ன வயதிலேயே வாப்பாவோடு உப்புத் தொட்டியில் நின்றவர் அவர்.

"வாப்பா உப்புத் தண்ணி ஊத்தின மண்ணுல என்ன புள்ள முளைக்கும்?"

"பாப்பமே நானா."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. கத்தரிக் கன்றுகள் இலையோரம் கருகிச் செத்தன. மாட்டெரு போட்டு மறுபடியும் நட்டேன். அவையும் செத்தன.

கடைசியில் மேல்மண்ணையே அள்ளி எறிவதென்று முடிவெடுத்தோம். தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு மண்வெட்டியை எடுப்பேன். கணவர் கதிரையில் இருந்தபடி, நான் முன்னால் மேசையில் கொண்டுவந்து கொட்டும் மண்ணில், ரோட்டில் யார் காலிலும் குத்தாதபடி கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவார். முழங்கால் ஆழம்வரை மீன் முள்ளு வந்துகொண்டே இருந்தது. தோட்டம் செய்வது மனதுக்கு ஆறுதல் என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு இடுப்பு நோவைத் தவிர ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. நானா இறங்கினார். பெட்டி நிறைய வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மண்.

"நான் கேக்கல்லியே," என்றேன்.

"ஓம், நீ கேக்கல்ல." சுற்றிப் பார்த்தார். "பழைய மண்ண எங்க கொட்டின?"

"ரோட்டுப் பள்ளத்துல."

அவர் தேத்தண்ணீரையும் குடிக்காமல் வெளியே போய், வாப்பாவின் மண் கிடந்த அந்தப் பள்ளத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

செம்மண்ணில் பயிர் பிடித்தது. வெண்டியும் பயற்றங்கொடியும் எழும்பின. பயற்றை பூத்திருந்த சமயம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு திரும்பினேன். வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கொடிகளில் அடித்தண்டு மட்டும்தான் மிச்சம். கணவர் கதிரையில் கையில் தடியோடு இருந்தார்.

"ரோட்டுக் கழுதையள்," என்றார். "சத்தம் போட்டன். தடியால நிலத்துல தட்டினன். என்னப் பாத்துக்கிட்டே திண்டிச்சி. முதுகு பிடிச்சி எழும்ப ஏலாமப் போச்சி."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. லொறியில் மூட்டை மூட்டையாய்ப் பாரம் ஏற்றிய மனிதர். நான் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழவும் தெம்பில்லை.

பழைய வலை வாங்கி வேலியைச் சுற்றிக் கட்டினோம். திரும்ப நட்டோம். கோடையில் கிணறு கரிக்கத் தொடங்கியதால், வாளியில் அள்ளிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் செடிக்கு ஊற்றினேன். கரித்த நாட்களில் பள்ளிவாசல் குழாயிலிருந்து கலன்களில் சுமந்துவந்தேன்.

போன மாதம் முதல் தடவையாக ஒரு கூடை நிறையப் பறித்தோம். கத்தரி, வெண்டி, கொஞ்சம் பயற்றங்காய். நானா வீட்டுக்குப் பாதியைக் கொடுத்தனுப்பினேன். மீதியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆக்குவமா?" என்று கணவர் கேட்டார்.

"நாளைக்கு ஆக்குவம். களைச்சிட்டன், இண்டைக்கு எனக்கு ஏலா."

அவரும் சரியென்றார். அன்றிரவு கடைப் பாண் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.