அப்பாவின் கையில் பிள்ளையின் நிறை

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிந்திருக்கும். ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்கள், அயலவர்கள், சந்தை நண்பர்கள் அனைவருக்கும் அவருடைய ஒரே மகளாக வணக்கம் சொல்கிறேன். பெரியவர்கள் என்னிடம் கேட்டது அப்பாவின் வாழ்க்கை வரலாறு. முறைப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் அது என் மகள் பிறந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஆரையம்பதியில் வாவிக்கரையோரம் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தன் தகப்பனார் வாவியில் பிடித்த மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்கத் தொடங்கினார். பிரச்சினைக் காலத்தில் இரண்டு தரம் வீட்டைப் பூட்டிவிட்டு அகதியாகப் போய்த் திரும்பினார். பிறகு சந்தையில் ஒரு மேசை கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் அதே மேசையில் மணலையும் திரளியும் இறாலும் விற்றார். எனக்குக் கலியாணம் முடிந்ததும் ஊர் வழக்கப்படி வீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் இரண்டு அறை கட்டி அம்மாவுடன் அங்கே போய்விட்டார். என் கணவருக்குக் கட்டாரில் வேலை. அதனால் பகலெல்லாம் எங்களுக்கு ஒரே சமையல், ஒரே முற்றம்.

அப்பாவின் கைக்கு நிறை தெரியும் என்பதைச் சந்தையில் அறியாதவர் இல்லை. ஒரு மீனை எடுத்து உள்ளங்கையில் இரண்டு தரம் ஏற்றி இறக்கினால் கிலோவும் கிராமும் சொல்லிவிடுவார். பக்கத்து மேசைக் காத்தான்குடி நாநா வேண்டுமென்றே அதைத் தராசில் போட்டுப் பார்ப்பார். ஐம்பது கிராமுக்கு மேல் பிசகியதில்லை. வீட்டில் காஸ் சிலிண்டரை அசைத்துப் பார்த்து, "இன்னும் ஒம்பது நாளைக்குக் காணும்" என்பார். பத்தாம் நாள் அடுப்பு அணைந்துவிடும். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

நான் பயந்த சுபாவம். இரண்டு தரம் கர்ப்பம் நிற்காமல் போன பிறகு, எதற்குப் பயப்படுவது எதற்கு விடுவது என்று தெரியாத ஆளாகிவிட்டேன். மூன்றாம் தரம் ஏழரை மாதத்தில் பிரஷர் ஏறி, அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்து மகளை எடுத்தார்கள். ஒரு கிலோ அறுநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை முதன்முதல் கண்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. தாதிமார் பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நான் அசையாமல் அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பா ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்து, மீன் வாடை போகத் தேசிக்காய் போட்டுக் கை கழுவி, வாட்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே விடமாட்டார்கள். நின்றுவிட்டுப் போவார்.

பதினெட்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். வைத்தியசாலை வாசலில் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் அப்பா பிள்ளையை முதன்முதல் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஒண்டே தொளாயிரம்" என்றார்.

பிள்ளையின் நிறை எழுதும் கிளினிக் கார்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கார்டு இரண்டாம் பட்சம்.

கிளினிக் மாதம் ஒரு முறைதான். என் பயத்துக்கு ஒரு மாதம் தாங்காது. அப்பா சந்தையால் வந்து குளித்துவிட்டு முன்வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பேன். அவர் பிள்ளையைத் தூக்குவார். நான் அவருடைய முகத்தைப் பார்ப்பேன்.

"என்னப்பா?"

"நேத்தைய விடக் கூடிற்று கா. பயப்புடாமச் சோத்தத் தின்னு."

அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். முப்பத்தோராம் நாள் பிறப்புத் துடக்குக் கழித்த அன்று வீடு நிறையச் சனம். பெரியம்மா ஒருவர் தொட்டிலை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, அணில் குஞ்சு மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா விடவில்லை. "இன்னும் ஆறு மாசத்தால வந்து தூக்கிப் பாருங்க மச்சாள். உங்கட இடுப்புத்தான் முறியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார்.

நாலு மாதம் வரை கிளினிக் தராசும் அப்பாவின் கையும் ஒன்றாகவே சொல்லின. ஐந்தாம் மாதம் பிரிந்தன. கார்டு நாலு கிலோ அறுநூறு என்றது. அப்பாவின் கை ஐந்தரை என்றது. நான் யாரை நம்பினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதம் என் கணவர் லீவில் வந்திருந்தார். ஒரு வான் பிடித்துக் கல்குடாக் கடற்கரைக்குப் போனோம். பிள்ளையின் முதல் பயணம். காற்றுப் படுமோ, வெயில் படுமோ, மணல் வாய்க்குள் போகுமோ என்று நான் ஒருவரையும் இருக்கவிடவில்லை. அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் கரை வரை போனவர், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"பிடி கா. பாரமாக் கிடக்கு."

நான் துள்ளிக் குதிக்காத குறை. "கேட்டீங்களா? அப்பாவுக்கே பாரமாம்!" என்று எல்லோருக்கும் சொன்னேன். வானில் திரும்பி வரும் வழியெல்லாம் அதே கதை. இந்த மலரின் நடுப்பக்கத்தில் இருக்கும் படம் அன்று கடற்கரையில் எடுத்தது. நன்றாகப் பாருங்கள். அப்பா வலது முழங்கையை இடுப்பில் முட்டுக்கொடுத்து, இடது கையால் பிள்ளையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாதக்கணக்காகத் தொங்கியது. நான் பார்த்ததெல்லாம் பிள்ளையின் கன்னத்தைத்தான்.

ஆறாம் மாதக் கிளினிக்குக்கு அப்பாவும் வந்தார். தராசு நாலு எழுநூறு காட்டியது. ஒரு மாதத்தில் நூறே கிராம்.

"மிஸ், உங்கட தராசு பிழை" என்று மருத்துவமாதுவிடம் சொன்னேன். அப்பாவும் என் பக்கம் பேசினார். "என்ட கையில ஆறு கிலோ கிடக்கு மிஸ்."

மருத்துவமாது கோபிக்கவில்லை. மேசையில் இருந்த சத்துமாப் பைக்கற்றுகள் இரண்டை எடுத்துத் தராசில் வைத்தார். ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. தராசு சரியாக ஒன்றரை காட்டியது. பிறகு இரண்டையும் ஒரு பையில் போட்டு அப்பாவிடம் நீட்டினார்.

"ஐயா, இத ஒருக்காப் புடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அப்பா வலது கையில் வாங்கினார். ஏற்றி இறக்கினார். "ரெண்டு கிலோ. இல்ல, ரெண்டுக்கும் கூட" என்றார். சொல்லிவிட்டு அவரே நெற்றியைச் சுருக்கினார். பையை இடது கைக்கு மாற்றினார்.

"ஒண்டரை" என்றார்.

பையை மெதுவாக மேசையில் வைத்தார். "என்ட கைதான் பிழ மிஸ்" என்றார்.

பிள்ளையின் நிறை கூடவில்லை. அப்பாவின் கையில் பலம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுச் சந்தோஷப்பட்டு நான் சோறு தின்றிருக்கிறேன். இப்போது எழுதும்போது இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அன்று எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை வளரவில்லை. மருத்துவமாது, "ஐயா, அந்தக் கைய டொக்டருக்குக் காட்டுங்க" என்றார். "முதல்ல புள்ளையப் பாருங்க மிஸ்" என்றார் அப்பா. எல்லோரும் பிள்ளையைப் பார்த்தோம்.

பிள்ளைக்குப் பால் காணாது, இரத்தமும் குறைவு என்றார்கள். மருந்து தந்தார்கள், சோறு தொடங்கச் சொன்னார்கள். சித்தாண்டி முருகன் கோவிலில் பிள்ளைக்கு முதல் சோறு தீத்தினோம். அப்பாதான் மடியில் வைத்துத் தீத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "நீ தீத்து கா. என்ட கை மீன் மணக்கும்" என்று ஒதுங்கிவிட்டார். சந்தைக்குப் போகாத நாள் அது. அதையும் நான் யோசிக்கவில்லை. எத்தனை கரண்டி உள்ளே போனது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த கிளினிக்கில், "ஐயா கையக் காட்டினாரா?" என்று மருத்துவமாது கேட்டார். "காட்டுவார் மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைக்கு ஒன்பது மாதமானபோது, ஒரு காலையில் ஏதோ வாங்கப் பின்வீட்டுக்குப் போனேன். அப்பா கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். அம்மா அவருடைய சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இது எத்தின நாளா?"

"ரெண்டு மூண்டு மாசமா" என்றார் அம்மா.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"உனக்குச் சொல்லி என்ன செய்ய? புள்ளைக்குப் பயந்தே நீ பாதியாப் போயிற்றாய்."

அப்பா, "காலங்காத்தால என்ன கதை? சந்தைக்கு நேரமாகுது" என்று வெளியே போகப் பார்த்தார். அன்று நான் விடவில்லை. பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் என்றார்கள். மாற்ற மருந்தில்லை. மூன்று மாதம் முந்தி வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது என்று வைத்தியர் சொன்னார். அதைத்தான் எல்லோரும் எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள். அந்த மூன்று மாதமும் அப்பா தனியாகப் பயந்திருக்கிறார். அதற்கு எனக்கு ஆறுதல் இல்லை.

அதன் பிறகு அப்பா பிள்ளையைத் தூக்கவே இல்லை. அவள் தவழ்ந்து வந்து அவருடைய சாரத்தைப் பிடித்து எழும்பினால், "புள்ளையத் தூக்குங்க, தூக்குங்க!" என்று சத்தம் போடுவார். தான் அவள் மேலே விழுந்துவிடுவேனோ, தட்டிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு. முதலாவது பிறந்தநாளுக்கு, கதிரையின் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அவளை அவருடைய மடியில் இருத்தினோம். கேக்கை அவள் அவருடைய மூக்கில் அப்பினாள். துடைக்கக் கை எழும்பவில்லை. அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்த கடைசி நாள் அதுதான்.

பிறகு கால் போனது, பேச்சுக் குழறியது. நானும் அம்மாவும் மட்டுமே விளங்கிக்கொள்ளும் பேச்சு. பிள்ளைக்கு ஒன்றரை வயது ஊசி போடும் காலை, அப்பாவின் மூச்சு ஒரு மாதிரியாக இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். போகவும் மனமில்லை, இருக்கவும் தெரியவில்லை.

"நான் நாளைக்குப் போறன் அப்பா."

"போ கா. ஊசி பிந்தப்படா."

போனேன். கிளினிக்கில் ஒன்பது கிலோ இருநூறு. கார்டில் கோடு முதன்முறையாகப் பச்சைக்குள் ஏறியிருந்தது. அப்பாவுக்குச் சொல்ல அங்கிருந்தே வீட்டுக்குப் போன் எடுத்தேன். அம்மா போனைத் தூக்கவில்லை. ஆட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது படலையில் ஆட்கள் நின்றார்கள்.

அம்மா சொன்னது இதுதான். "நீ போனதும், 'போயிற்றாளா?' எண்டு கேட்டாரு. 'ஓம், போயிற்றாள்' எண்டன். அதுக்கு மறுகாத்தான் கண்ண மூடினவரு."

நான் அவருடைய காதருகில் குனிந்து பிள்ளையின் நிறையைச் சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் என்னை வேண்டுமென்றே அனுப்பினார் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்த்தால் தாங்கமாட்டேன் என்று கடைசி மூச்சையும் எனக்கு ஒளித்துவிட்டுப் போனார். எனக்கு அதில் கோபம் இருக்கிறது. ஓராண்டாகியும் அது போகவில்லை.

இனி நன்றி. அப்பாவின் நோயை எங்களுக்கு முந்திக் கண்டுகொண்டு, நான் காது கொடுக்காதபோதும் மாதாமாதம் கேட்ட மருத்துவமாதுவுக்கு முதல் நன்றி. மேசையை இன்னொருவருக்கு விடாமல் எட்டு மாதம் தன் மீனோடு அப்பாவின் மீனையும் விற்ற காத்தான்குடி நாநாவுக்கும், கட்டாரிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்து கொள்ளி வைத்த என் கணவருக்கும், எட்டாம் நாள் சடங்குவரை சமைத்துத் தந்த அயலவருக்கும், பிள்ளை மெலிவு என்று சொன்ன, பின்னர் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்கத் தன் இடுப்பைத் தந்த பெரியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நான் பயப்படுவேன் என்று எதையும் எனக்கு ஒளிக்க வேண்டாம். பயப்படத்தான் செய்வேன். பயந்துகொண்டே பக்கத்தில் இருக்க எனக்குத் தெரியும்.

போன கிழமை அம்மா கழுவிய கோப்பையொன்று கைதவறி விழுந்து உடைந்தது. "ஒண்டுமில்ல, சவுக்காரம் வழுக்கிற்று" என்றார். பிள்ளையை இறக்கிவிட்டு, "ரெண்டு கையையும் நீட்டுங்க அம்மா" என்றேன். மறுநாள் அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அடுத்த மாதம் இன்னொரு தரம் கூட்டிக்கொண்டு போவேன்.