காக்காக்கால் கீறல்

கலியமூர்த்தியும் மகள் நீலாவதியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓர் ஊறுகாய் ஜாடியை வைக்கோலில் பொதிந்து பைக்குள் இறக்கியதுதான். 1974, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பதினெட்டு வருடம் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்த ராஜாங்கம், சொந்த ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்கே போய்விட்டிருந்தார். அவர் கேட்ட ஜாடி அது.

பொதியும் முன் கலியமூர்த்தி ஜாடியைக் கவிழ்த்து அடியைத் தடவினார். காக்கையின் கால் போல மூன்று கீறல். ஒரே சூளையில் பத்துப் பேர் செய்த சாமான் வேகும். எது யாருடையது என்று தெரிய, மண் ஈரமாக இருக்கும்போதே அவரவர் கீறலை அடியில் போட்டுவிடுவார்கள். அதைத் தொட்டுப் பார்க்காமல் எதையும் தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை.

மறுநாள் பல் தேய்க்கும்போது விழுந்தார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் போயின.

பத்தாம் நாள் கஞ்சி கொடுக்கையில் கேட்டார்.

"நீலா, இது யாரு கை?"

"உங்க கைதாம்ப்பா."

"இல்ல. ராஜாங்கம் கை. அவன்தான இந்தப் பக்கம் உக்காருவான்? வுட்டுட்டுப் போயிட்டான்."

"முப்பது வருசமா என்னைக் குட்டுன கை. எனக்கு அடையாளம் தெரியாதா?" என்றாள் அம்மா கனகா.

"குட்டுனது வலது கை."

புத்தி கலங்கியவர் பேச்சாக அது இல்லை. நீலாவதிக்கு அதுதான் பயம்.

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிப்பவள். அங்கே டாக்டரிடம் கேட்டாள்.

"இது என் கைன்னு சொல்ற இடம் மூளையில அடிபட்டிருக்கும்மா. காரணம் கேட்டா மூளை ஒரு கதை கட்டும். அவருக்கு அது நெசம்."

தன் கை தன்னுடையது என்பது பார்த்ததும் தெரிகிற சங்கதி என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். உள்ளே ஏதோ ஒன்று ஓயாமல் கீறல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் போல. அன்று மாலை கண்ணாடித் தகட்டில் ரத்தம் தேய்க்கும்போது தன் விரல்களை இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று கலியமூர்த்தி முடிவு கட்டினார். "கை யாருதுன்னு ஒத்துக்குங்க, அப்பறம் குடிக்கறேன்" என்று கஞ்சியைத் தள்ளினார். உடம்பு நாளுக்கு நாள் இறங்கியது. எப்படியாவது அவர் அந்தக் கையை ஏற்க வேண்டும்.

ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது, லேபிலிருந்து கொண்டுவந்த ஊதா மையால் அந்தக் கையின் மணிக்கட்டில் மூன்று கோடுகள் வரைந்தாள். விழித்ததும் திருப்பிக் காட்டினாள்.

"உங்க கீறல்தானப்பா?"

வலது கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார்.

"பள்ளமே இல்லையே. வெந்தப்பறம் மேலால எழுதியிருக்குது. பச்சையில போட்டாத்தான் கீறல்." அவளை ஏறிட்டுப் பார்த்தார். "யாரு எழுதச் சொன்னது? ராஜாங்கமா?"

அதற்குப் பிறகு அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. கனகா கொடுத்ததில் இரண்டு வாய். இறப்பதற்கு முந்தின நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு கனகாவிடம் சொன்னார்:

"எந்திரிச்சதும் ஜாடியைக் குடுத்துட்டு வரணும். இந்தக் கையையும். அடுத்தவன் சாமான் நம்ம வூட்ல எதுக்கு?"

அவர் போன பிறகு ஒரு நாள் நீலாவதி பையிலிருந்து ஜாடியை வெளியே எடுத்து அடியைத் தடவினாள். பள்ளம் இருந்தது. மறுபடி வைக்கோலைச் சுற்றிப் பையை ஆணியில் மாட்டினாள்.

ராஜாங்கத்துக்கு ஜாடி இன்னும் போகவில்லை.